றஹ்மா சொல்லாமல் விட்டது

ஆலங்குடாவில் ஒரு பெண் மௌத்தானால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருமுன்பே றஹ்மாவின் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். றஹ்மா தையல் மெஷினை விட்டு எழும்பி, கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, கபன் துணிக்கென்று தனியாக வைத்திருக்கும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு புறப்படுவாள். உயிரோடிருக்கிறவர்களுக்குத் தைத்துக் கொடுப்பது அவளுடைய தொழில். மௌத்தான பெண்களைக் குளிப்பாட்டி, தைக்காத வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுப்பது தொழில் இல்லை, அதற்குக் கூலியும் இல்லை. ஆனால் ஊர் அவளுக்கு மரியாதை தருவது இதற்காகத்தான். தைத்த சட்டை இறுக்கமென்று சண்டைக்கு வருகிறவர்கள்கூட, தங்கள் உம்மாவைக் குளிப்பாட்டிய கை இது என்று நினைவு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

குளிப்பாட்டி முடித்து, மறைப்புக்குக் கட்டிய சீலையை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வரும்போது பெண்கள் வாசலில் காத்திருப்பார்கள். ஒருவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்காமலே அவள் சொல்ல வேண்டும். "முகம் ஒளிவா இரிக்கி." அல்லது, "சிரிச்ச மாதிரியே இரிக்கிறா." அல்லது, "கை கால் எல்லாம் லேசா மடங்கிச்சு." மையத்தின் உடம்பில் கண்ட குறையைக் குளிப்பாட்டினவள் வெளியே மூச்சு விடக்கூடாது. நல்லதைக் கண்டால் மறைக்கத் தேவையில்லை. றஹ்மா பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் கொஞ்சம் தேடினால் எந்த மனுசியிலும் ஒரு நல்லது அகப்படும் என்பது அவளுடைய அனுபவம். ஊரையே வாயால் வறுத்தெடுத்த ஒருத்திக்குக்கூட, "நகமெல்லாம் வெட்டித் துப்புரவா இரிக்கிறா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று அந்த மையத்து வீட்டில் சிரிப்பை அடக்க இரண்டு மூன்று பேர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இருபத்திரண்டு வருசத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அவள் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள். அது பரீனாவுக்கு. பரீனா அவளுடைய உயிர்ச் சிநேகிதி.

அது நடந்து பதினைந்து வருசம். போன மாதம் ஒரு சனிக்கிழமை, மதியம் லுஹர் தொழுகை முடிந்த கையோடு, றஹ்மாவின் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கனமூலை ஊரிலிருந்து சித்தி லெய்லா என்ற மனுசி வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காயும் பயற்றங்காயும். பரீனாவின் ஒரே மகள் அமானியை இவருடைய மகன் இப்ஹாமுக்குப் பேசியிருந்தார்கள். பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் சம்மதம். முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை, குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவள். பையனின் தாய் மட்டும் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. அவர் பெண் வீட்டுக்குப் போகாமல் ஏன் தன் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பது றஹ்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"உக்காருங்க ராத்தா, தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், கேத்தலை அடுப்பில் வைத்து, அது கொதிக்கும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையாமல் நின்றாள்.

பரீனா வந்திறங்கியது தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில். மன்னார்த் தீவு முஸ்லிம்களைப் புலிகள் போகச் சொன்னபோது, சனம் அள்ளுப்பட்டு வள்ளங்களில் இந்தப் பக்கம் வந்தது. றஹ்மாவுக்கும் அவளுக்கும் அப்போது பன்னிரண்டு வயது. பரீனா முழங்காலளவு தண்ணீரில் குதித்து, தலையில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துப் பிடித்தபடி கரைக்கு வந்தாள். நகை இருக்கிற டின்னை எடு என்று உம்மா சொல்ல, அவசரத்தில் நூல் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள் அவள். கரையில் வைத்துத் திறந்தபோது உள்ளே ஊசியும் நூற்கட்டைகளும் பொத்தான்களும். உம்மா அந்த மணலிலேயே இருந்து தலையில் அடித்துக்கொண்டார். பரீனா மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. "நகைய வழியில பறிச்சிருப்பாங்க உம்மா. நூல ஆரு பறிக்கிற?" என்று கேட்டாள். உண்மையிலேயே மற்றவர்களுடைய நகையெல்லாம் வழியிலேயே போய்விட்டிருந்தது. அந்தக் கதையைப் பரீனா பிறகு எத்தனை தரம் சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

றஹ்மாவின் வாப்பா தன் தென்னந்தோட்டத்தில் அவர்களுக்குக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தார். ஊரில் எல்லோரும் அப்படி இளகிவிடவில்லை. குழாயடியில் "அகதி" என்ற சொல் அடிக்கடி கேட்டது. பள்ளிக்கூடத்தில் காலையில் ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் அகதிப் பிள்ளைகள். ஒரே வாங்குப் பலகையில் காலையில் றஹ்மா இருப்பாள், பின்னேரம் பரீனா இருப்பாள். வாங்குக்கு அடியில் புளியங்காயை மறைத்து வைத்துவிட்டு வருவது றஹ்மாவின் வழக்கம். பரீனா அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பொத்தானை வைப்பாள். றஹ்மா ஊசியில் நூல் கோர்க்கப் பழகியதும் அந்த டின்னில் இருந்துதான்.

எவ்வளவு கதைப்பாள் அந்தப் பெண். அவளுடைய ஊர் மாங்காய் இந்த ஊர்த் தேங்காயைவிடப் பெரிதாம். அங்கே இறால் வலையில் ஏறாதாம், தானே கரைக்கு வருமாம். றஹ்மா நம்பாமலே கேட்டுக்கொண்டிருப்பாள். பின்னேரங்களில் கடற்கரையில் குந்தியிருந்து ஒருவர் தலையை ஒருவர் பின்னிவிடுவார்கள். பரீனாவின் மயிர் இடுப்பைத் தாண்டியது. பின்னி முடிக்கக் கை வலிக்கும். இப்போது அந்த இடத்தில் ஒரு ஹோட்டல் வேலி அடைத்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் பலகையில் நின்று பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிறார்கள். பரீனா கண்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், பிறகு தானும் ஒருதரம் ஏறிப் பார்க்க ஆள் பிடித்திருப்பாள். றஹ்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இதை நினைப்பாள்.

இருவருக்கும் ஒரே வருசத்தில் கலியாணம் நடந்தது. பரீனாவுக்கு அவளுடைய ஊர்ப் பையனே, ஹுனைஸ். அமைதியானவன். யுத்தம் முடிந்ததும் ஹுனைஸ் மன்னாருக்குப் போய்க் காடாகிக் கிடந்த தன் வாப்பாவின் காணியை வெட்டத் தொடங்கினான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் மஃரிபுக்குப் பிறகு இருட்டில் வரும் பஸ்ஸில் வருவான், முதல் பஸ்ஸில் போய்விடுவான். அவன் வந்ததையும் போனதையும் பக்கத்து வீடுகூட அறியாது. ஊரைப் பொறுத்தவரை அவன் ஊரில் இல்லாதவன். ஆனால் மன்னாரிலிருந்து வரும் ஒரு மீன் லொறிக்காரன், ஹுனைஸ் கொடுத்துவிட்ட சாமான்களைப் பரீனாவின் வாசலில் இறக்கிவிட்டுப் போவதை ஊர் நன்றாக அறிந்திருந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு இது அவல் மாதிரி.

பரீனாவுக்கு மன்னாருக்குத் திரும்பிப் போக மனமில்லை. கொட்டிலை இடித்து இங்கேயே கல்லால் இரண்டு அறை கட்ட வேண்டும், அதற்கு இரண்டு வருசம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்திருந்தாள். பாஸ்போர்ட் ஏஜென்சியில் இருந்தது. மெடிக்கலுக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்திய வாரம் அவள் வந்தாள். றஹ்மாவின் மெஷினைச் சுற்றிப் பெருநாள் துணிகள் மலையாகக் கிடந்தன. பரீனா வழமைபோல் கதைக்காமல், கதிரையின் நுனியில் இருந்தாள்.

"நாலு மாசத்துக்கு முந்தி றூஹு ஊதுறல்ல எண்டு நீதானே செல்லுவ?" என்று கேட்டாள்.

வயிற்றுப் பிள்ளைக்கு நாலு மாதத்துக்கு முன் உயிர் ஊதப்படுவதில்லை என்று றஹ்மா சொல்வாள்தான். அவளுடைய கையில் குறைமாதப் பிள்ளைகளும் வந்திருக்கின்றன. நாலு மாதம் தாண்டியிருந்தால் குளிப்பாட்டி, பெயர் வைத்து, கபனிட்டுக் கொடுப்பாள். தாண்டாவிட்டால் ஒரு துண்டு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுப்பதோடு சரி.

"ஓம். ஏன்?"

"அப்ப ரெண்டு மாசம் எண்டா?"

மெஷின் நின்றது. றஹ்மா அவளுடைய முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள்.

"ஆருட புள்ள?" என்று கேட்டாள்.

பிறகு எத்தனையோ வருசம் றஹ்மா இதை நினைத்துப் பார்த்திருக்கிறாள். கேட்பதற்கு அந்த நேரத்தில் எவ்வளவோ இருந்தது. உடம்புக்கு என்னடி என்று கேட்டிருக்கலாம். எங்கே போகப்போகிறாய் என்று கேட்டிருக்கலாம். ஹறாம் என்று சொல்லிச் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பரீனா அதற்குப் பதில் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். றூஹு, மாதக் கணக்கு, குவைத், கல்வீடு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி மனதில் வைத்திருந்தாள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளிடம் ஒன்றும் இல்லை. உலகத்தில் வேறு யார் கேட்டாலும் றஹ்மா கேட்கமாட்டாள் என்று நம்பி வந்தவள் அவள்.

பரீனா எழும்பினாள். துணி மலைக்குள் கைவிட்டு, ஆறு வயது அமானிக்கென்று வெட்டி வைத்திருந்த ரோஸ் நிறச் சட்டையை இழுத்து எடுத்தாள். அதற்கு இன்னும் கை பொருத்தவில்லை. "இத நான் தைச்சுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போய்ச் சமாதானம் செய்ய வேண்டும் என்று றஹ்மா நினைத்தாள். பெருநாள் துணி முடியட்டும் என்று ஒத்திப்போட்டாள்.

பரீனா தனியாக பஸ் ஏறி, சிலாபத்துப் பக்கம் ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்வந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவும் றஹ்மாவுக்கு மட்டும். மற்றவர்களுக்குக் காய்ச்சல் என்றுதான் தெரியும். டெங்குக் காலம், ஒருவரும் சந்தேகப்படவில்லை. நாலாம் நாள் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வேனைத் திருப்பிக்கொண்டு வந்து, றஹ்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

இலந்தை இலை போட்ட தண்ணீரை ஊற்றிக் கொடுக்கப் பரீனாவின் தங்கச்சி மபாஸா நின்றாள், சின்னப் பெண். கழுவக் கழுவ இரத்தம் நிற்கவில்லை. றஹ்மாவுக்கு எல்லாம் விளங்கியது. இன்னும் பஞ்சு வாங்கிவா என்று மபாஸாவை வெளியே அனுப்பினாள். அவள் வந்ததும் திரும்பவும் ஒருமுறை அனுப்பினாள். அந்தத் தங்கச்சி ஒன்றையும் காணக்கூடாது என்பதற்காகத்தான். பிறகு அந்த நீளமான மயிரைக் கழுவி, துவட்டி, மையத்துக்குப் பின்னுவது போல மூன்று பின்னலாகப் பின்னினாள். அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் செய்துவிட்டாயே என்று கோபம். பாவத்தோடு போயிட்டியே என்று கோபம்.

வாசலில் பெண்கள் காத்து நின்றார்கள். இப்படிப் போனவளுக்கு நான் எந்த வாயால் நல்லது சொல்ல என்று அந்த ஒரு நொடி றஹ்மாவின் மனம் கடுத்தது. அவள் கையைத் துடைத்தபடி அவர்களைத் தாண்டிப் போனாள். கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தபோதே கோபம் இறங்கிவிட்டது, அழுகை வந்துவிட்டது. திரும்பி வந்தபோது ஜனாஸாவைத் தூக்கிவிட்டார்கள்.

ஊருக்கு அது போதுமாக இருந்தது. றஹ்மா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு தரம் பஞ்சு கேட்டாள், புருசன் ஊரில் இல்லை, மீன் லொறி வந்து போகும். நாலையும் கூட்டிப் பெருக்க ஊருக்குப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. அது ஹுனைஸின் காதுக்கும் போனது. அவன் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்ததும் மன்னாருக்குப் போய், பிறகு அங்கேயே கலியாணம் முடித்தான். அமானியை மபாஸா வளர்த்தாள்.

கேத்தல் கொதித்து வழிந்தது. றஹ்மா தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

சித்தி லெய்லா சுற்றிவளைக்கிற மனுசி அல்ல. ஒரு வாய் குடித்துவிட்டு நேராக விசயத்துக்கு வந்தார்.

"புள்ளையப் பாத்தன் றஹ்மா. குறை செல்ல ஒண்டுமில்ல. தாயப் பத்தித்தான் ஒரு கதை வந்திரிக்கி. நீங்கதானே குளிப்பாட்டின?"

"ஓம். குளிப்பாட்டினவ கண்டத வெளியில செல்லக்கூடாது ராத்தா. உங்களுக்குத் தெரியாததா?"

"கெட்டதத்தான் செல்லக்கூடாது. நல்லதச் செல்லலாமே. எங்கட ஊர்லயும் செல்லுறதான். நீங்க எல்லாருக்கும் செல்லுவீங்களாம், அந்த மனுசிக்கு மட்டும் செல்லல்லயாம். அதுதான் எனக்கு உறுத்துது."

றஹ்மாவுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பதினைந்து வருசமாக அவள் பரீனாவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, தன் புருசனிடம்கூட. அந்தத் திறவாத வாய்தான் பரீனாவுக்கு எதிரான சாட்சி என்று அவளுக்கு இதுவரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

"அவட முகம் நல்லாத்தான் இருந்திச்சு" என்றாள். சொல்லும்போதே அது பழசாகிக் காய்ந்துபோன பாண் துண்டு மாதிரி இருப்பது அவளுக்கே தெரிந்தது.

சித்தி லெய்லா குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. கலைச்சாவா இல்லையா எண்டு நான் கேக்க வரல்ல. நான் ஒம்பது வயிறு சுமந்தவ. ஒம்பதும் வீட்டில நிக்குதா? எனக்கு அஞ்சு புள்ள. மத்ததெல்லாம் தானா விழுந்ததெண்டா நினைக்கிறீங்க? புருசன் பொஞ்சாதிக்குள்ள நடக்கிறது ஊருக்கு என்னத்துக்கு. அல்லாஹ் மன்னிக்கிறவன். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்டுதான். அது ஆருட?"

றஹ்மா கோப்பையைக் கீழே வைத்தாள். வேறு வாயிலிருந்து வந்தபோதுதான் அந்தச் சொல் எவ்வளவு கேவலமானது என்று கேட்டது. எதிரில் இருப்பவர் கெட்ட மனுசியுமல்ல. கத்தரிக்காய் கொண்டுவந்திருக்கிறார், மகனுடைய வாழ்க்கைக்காகக் கேட்கிறார். தானும் அன்று கெட்டவளாக இருக்கவில்லைதான்.

பதில் அவளுக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பரீனா சொல்லாமல் போய்விட்டாள்.

"வல்லாஹி" என்றாள் றஹ்மா. "அது ஹுனைஸ்ட புள்ள. பரீனா என்னட்டத்தான் வந்து செல்லின. வயித்தில புள்ளையோட குவைத்துக்கு விடமாட்டாங்க, அதுக்காகச் செய்தா. என்னையும் கூட வரச் சென்னா, நான் போகல்ல. போயிருந்தா இண்டைக்கு அவ உசிரோட இருந்திருப்பா."

றஹ்மா அல்லாஹ்வின் மீது ஆணையிட்டதை ஆலங்குடாவில் ஒருவரும் கேட்டதில்லை. கனமூலையிலிருந்து வந்த சித்தி லெய்லாவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"அப்ப சரி" என்றார். "பாவம் மனுசி." மீதித் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துக் கலியாணத்தை வைக்கலாம் என்றார். பெண்ணுக்குக் கலியாணச் சட்டையை நீங்களே தைத்துவிடுங்கள், அளவெடுக்கப் பிள்ளையை அனுப்பச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

றஹ்மாவுக்கு நிம்மதியும் வந்தது, பயமும் வந்தது. தெரியாத ஒன்றுக்கு அல்லாஹ்வைச் சாட்சிக்கு இழுத்தாகிவிட்டது. பொய்ச் சத்தியத்துக்கு என்ன பரிகாரம் என்று அவள் மௌலவியிடம் போய்க் கேட்கத் தேவையில்லை. பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு, முடியாவிட்டால் மூன்று நாள் நோன்பு. அவள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நோன்பு பிடித்தாள். ஞாயிறு முடிந்தது, திங்கள் முடிந்தது. செவ்வாய்க்கிழமை அஸருக்குக் கொஞ்சம் முந்தி அமானி அளவு கொடுக்க வந்தாள்.

வந்தவள் றஹ்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தாயின் தோள்தான் அவளுக்கும்.

"மபாஸா சாச்சி எல்லாம் சென்னா, மாமி. நீங்க சத்தியம் பண்ணினதயும் சென்னா. உம்மா எப்பிடி மௌத்தானா எண்டு எனக்கு இவ்வளவு நாளும் ஆரும் செல்லல்ல. ஆனா ஊர் கதைக்கிறது எனக்குக் கேக்கும். பள்ளிக்கூடத்தில கேட்டிரிக்கி, பஸ்ஸில கேட்டிரிக்கி. நான் ஒருநாளும் உம்மாட பேருக்கு யாஸீன் ஓதினதில்ல மாமி. எனக்கு அவ மேல கோபம். நேத்துத்தான் ஓதின."

றஹ்மா அவளுடைய தலையைத் தடவினாள்.

அமானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையில் இருந்த தண்ணீரைக் கிளாஸில் ஊற்றி நீட்டினாள். "வாய் காஞ்சு கிடக்குது. குடிங்க. இல்ல, நோன்பா? இப்ப என்ன நோன்பு மாமி?"

பொய்ச் சத்தியத்துக்கு என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அப்போதுதான் றஹ்மாவுக்குத் தான் மூன்று நாளாக என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. அது பொய் என்று எவர் சொன்னது? பரீனா சொல்லவில்லை. றஹ்மா அல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு நாளும் பட்டினி கிடந்து, அல்லாஹ்விடம், அந்தப் பிள்ளை ஹுனைஸுடையது இல்லை என்று. சித்தி லெய்லாவுக்கு முன்னால் நம்பிவிட்டு, படைத்தவனுக்கு முன்னால் பழையபடி சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"நோன்பெல்லாம் இல்ல மகள்" என்றாள்.

கிளாஸை வாங்கி, அமானி பார்த்திருக்க, பகல் மூன்று மணிக்கு அந்தத் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். பிறகு அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நேரா நில்லுங்க, கைய நீட்டுங்க" என்றாள்.